வளை கிடைத்த பின் அடங்கிய சிலந்தி: ஒரு கோபால்ட் ப்ளூ டாரன்டுலா பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருவது ஒரே ஒரு சிலந்தி. டாரன்டுலா எனப்படும் பெரிய மயிர்ச் சிலந்திகளில் ஒன்று. அறிவியல் பெயர் சிரியோபகோபஸ் லிவிடஸ், வளர்ப்பவர்கள் சொல்வது கோபால்ட் ப்ளூ. 2022 பிப்ரவரியில் இங்கிலாந்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு வந்தது, இன்றும் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் பெட்டியில் கை பட்டாலே எழுந்து நின்று பல்லைக் காட்டியது. இப்போது அதை முழு உருவமாகப் பார்ப்பதே மாதத்தில் ஒரு நாள் வாய்த்தால் பெரிது. இடையில் நான் அதைப் பழக்கவில்லை. டாரன்டுலா பழகாது, அந்த ஆசையோடு வாங்குகிறவர்கள் வாங்காமலே இருக்கலாம். நான் மாற்றியது மண்ணை மட்டும்தான். அந்த மாற்றத்தை எப்படிச் செய்தேன், எங்கே தவறினேன், அதன் பிறகு என்ன நடந்தது என்பதை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்ததிலிருந்து எழுதுகிறேன்.

சிலந்தி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். மியான்மரிலும் தாய்லாந்திலும் பருவமழைக் காடுகளின் தரையில் செங்குத்தாக வளை தோண்டி வாழ்கிற இனம் இது. 1996-ல் பிரிட்டனைச் சேர்ந்த ஆன்ட்ரூ ஸ்மித் இதை ஹாப்லோபெல்மா லிவிடம் என்ற பெயரில் முதன்முதலாக விவரித்தார். பிறகு பேரினப் பெயர் மாறியது, ஆனாலும் பழைய ஆட்கள் இன்னும் ஹாப்லோபெல்மா என்றே சொல்கிறார்கள். கம்போடியாவில் ஸ்குவோன் என்ற ஊரில் எண்ணெயில் பொரித்துத் தட்டில் குவித்து விற்கிறார்களே, அந்தச் சிலந்தி இதற்கு நெருங்கிய உறவு. அதுவும் வளைவாசிதான். வளர்ந்த பெண் சிலந்தியின் கால் விரிவு 12, 13 சென்டிமீட்டர் வரும். நல்ல வெளிச்சத்தில் கால்கள் மயில் கழுத்து நிறத்தில் மின்னும், நிழலில் வெறும் கறுப்பு. நிறமிச் சாயத்தால் வரும் நீலம் இல்லை இது. மயிர்களில் உள்ள மிக நுண்ணிய அடுக்குகள் ஒளியைச் சிதறடித்துக் காட்டுகிற நீலம். டாரன்டுலா குடும்பத்தில் இந்த நீலம் குறைந்தது 8 முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. நிறம் எதற்கு என்பது வேறு கதை. எங்களுக்கு வந்த சிக்கலெல்லாம் அந்த நிறத்தால்தான். நீலத்தைப் பார்க்க வேண்டும் என்று வாங்குகிறார்கள், பார்க்க வேண்டும் என்பதற்காகவே அதை மண்ணுக்கு மேலே வைத்திருக்கிறார்கள்.

வந்த நிலை

படிப்பு முடிந்து ஊர் மாறிப் போன ஒரு மாணவரிடமிருந்து வாங்கினேன். அவர் ஒரு செல்லப்பிராணிக் கடையில் வாங்கியிருந்தார், கடையில் சொன்னபடியே எல்லாம் செய்திருந்தார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முன்பக்கம் கதவு திறக்கும் 30 சென்டிமீட்டர் கண்ணாடிப் பெட்டி. அடியில் 5 சென்டிமீட்டருக்கு மரப்பட்டைச் சில்லுகள். ஒரு பக்கம் அரைத் தேங்காய்ச் சிரட்டை. தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. பெட்டிக்கு அடியில் சூடேற்றும் விரிப்பு.

சிரட்டையைத் தவிர மற்ற நான்கும் தவறு. மரப்பட்டைச் சில்லில் வளை நிற்காது, தோண்டத் தோண்டச் சரியும். முன்கதவைத் திறந்தால் சிலந்தி நம் கைக்கு நேராக, தரை மட்டத்தில் நிற்கும், ஓடினால் நேரே நம் மேல்தான். ஸ்பாஞ்சு அழுக்கையும் கிருமியையும் சேர்த்து வைக்கும், சிலந்திக்கு அது தேவையே இல்லை, வெறும் தண்ணீரில் வாயை வைத்து நன்றாகவே குடிக்கும். இந்த நான்கில் மோசமானது அடிவிரிப்பு. காட்டில் வெயில் தாங்காவிட்டால் இந்தச் சிலந்தி கீழே போகும், கீழே குளிர்ச்சி இருக்கும். தலைமுறை தலைமுறையாக அதற்குத் தெரிந்த ஒரே வழி அது. இங்கே கீழே போகப் போகச் சூடு கூடுகிறது. தப்பிக்கப் போன இடத்திலேயே உலர்ந்து சாகும்.

மாணவர் பெட்டியைக் கையில் கொடுக்கும்போது, "ரொம்ப மூர்க்கம், கவனம்" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தேன். சிரட்டைக்கு வெளியே, மூலையில், கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூச்சுக் காற்றுப் பட்டிருக்கும் போலிருக்கிறது. முன்னங்கால் இரண்டையும் வாய்க்கருகில் இருக்கும் சிறுகால் இரண்டையும் தூக்கி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நின்றது. நச்சுப்பல் இரண்டும் முழுசாக வெளியே தெரிந்தன, அடியில் செங்கல் நிறத்தில் மயிர். ஒரு பல்லின் நுனியில் தெளிவான ஒரு சொட்டு நின்றது. அது நஞ்சு. அப்படியே அசையாமல் ஏழெட்டு நிமிடம் நின்றது, நான் கதவைச் சாத்திய பிறகும் காலை இறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க இப்படித்தான். தண்ணீர் ஊற்றினால் ஓடிவந்து தண்ணீர்த் தாரையையே அறையும். நீளமான இடுக்கியைக் காட்டினால் கடிக்கும், எஃகில் பல் படும் 'டிக்' என்ற சத்தம் கேட்கும்.

லண்டனில் எனக்குத் தெரிந்த ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், பல வருடமாக வளைவாசி இனங்களை வைத்திருக்கிறார். அவரைக் கூப்பிட்டு, அண்ணா இது ஏன் இப்படி வெறிபிடித்து நிற்கிறது என்று கேட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, எத்தினை இஞ்சு மண் போட்டிருக்கிறீர்?"

இரண்டு இஞ்சு, அதுவும் மண் இல்லை, பட்டைச் சில்லு என்றேன்.

"அப்ப உது கோவத்திலை நிக்கேல்லை. ஓடி ஒளிக்க இடமில்லாமல் நிக்குது. வீட்டைக் குடும், சண்டையை விட்டிடும்."

இந்த ஆய்வு முழுக்க அவருடைய அந்த ஒரு பேச்சைச் சோதித்துப் பார்த்ததுதான்.

ஏன் இந்த இனம் இப்படி

அமெரிக்கக் கண்டத்து டாரன்டுலாக்கள் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றின் மேல் அரிப்பு மயிர் உண்டு. பயந்தால் பின்னங்காலால் உரசிக் காற்றில் தூவும், நம் கண்ணிலோ தோலிலோ பட்டால் அரித்துத் தள்ளும். அது அவற்றின் முதல் அரண். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள இனங்களுக்கு அந்த மயிர் கிடையாது. அவற்றிடம் இருப்பது ஓட்டம், வளை, கடி. இதே வரிசையில்தான் பயன்படுத்தும். ஓட முடியாமல், வளையும் இல்லாமல் நிற்கும்போது மிச்சம் கடி மட்டும். முன்காலைத் தூக்கிக் காட்டுவது கடிப்பதற்கு முந்தைய எச்சரிக்கை. ஆப்பிரிக்காவின் பெலினோபியஸ் மியூட்டிகஸ் இன்னும் ஒருபடி மேலே போய்க் கால் மயிர்களை உரசிச் சீறல் சத்தமும் எழுப்பும். எங்கள் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளை தோண்டும் டாரன்டுலாக்கள் உண்டு, சாலையோர மண்சரிவுகளில் வாசல் தெரியும். 1899-ல் போகாக் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் அவற்றில் ஒன்றுக்கு திரிக்மோபியஸ் ட்ருகுலென்டஸ் என்று பேர் வைத்தார். ட்ருகுலென்டஸ் என்றால் லத்தீனில் மூர்க்கமானது என்று பொருள். வளைக்கு வெளியே பிடிபட்ட சிலந்தியைப் பார்க்கிற எவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

கண் எட்டு இருந்தாலும் பார்வை மங்கல். உலகம் அதற்குக் கால் வழியாகத்தான் வருகிறது. கால்களில் உள்ள மெல்லிய மயிர்கள் காற்றின் சின்ன அசைவைக்கூடச் சொல்லிவிடும். வளைக்குள் இருக்கும்போது வாசல் வலையின் ஒவ்வோர் அதிர்வுக்கும் அதற்கு அர்த்தம் தெரியும். வெட்டவெளியில், வழுக்கும் பட்டைச் சில்லின் மேல், எல்லாத் திசையிலிருந்தும் அதிர்வு வந்தால் எது இரை, எது எதிரி என்று எப்படிப் பிரிக்கும்? அதனால்தான் எல்லாவற்றையும் அறைகிறது.

மண்

இரண்டு வாரம் கழித்துப் புதுப் பெட்டி தயாரானது. நீள அகலம் 30, உயரம் 45 சென்டிமீட்டர், மேலே மூடி திறக்கும் கண்ணாடிப் பெட்டி. இதில் 28 சென்டிமீட்டர் மண். பூச்சிமருந்தும் உரமும் சேராத தோட்டத்து மேல்மண் பாதிக்கு மேல், மிச்சம் தேங்காய் நார்த்தூள், கூடவே கொஞ்சம் களிமண் பொடி. வெறும் நார்த்தூள் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈரம் காய்ந்ததும் நார்த்தூள் பஞ்சாகிவிடும், களிமண் கலந்தால்தான் சுவர் நிற்கும். ஈரப் பதம் பார்க்க ஒரு பிடி அள்ளி அமுக்கினேன். கொழுக்கட்டை மாதிரிப் பிடி நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கை முட்டியால் அழுத்தினேன். அழுத்தாத மண் சிலந்தியின் மேலேயே இடிந்து விழும்.

ஒரு மூலையில், கண்ணாடியை ஒட்டிச் சாய்வாக, ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி எடுத்து 12 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆரம்ப வளை ஒன்று செய்து, வாசலில் வளைந்த தக்கைப் பட்டை ஒன்றை வைத்தேன். அந்தப் பக்கக் கண்ணாடிக்கு வெளியே கறுப்பு அட்டை ஒட்டினேன். மண்ணுக்கும் மூடிக்கும் இடையே 17 சென்டிமீட்டர்தான் விட்டேன். அதற்கு மேல் உயரம் வைத்தால், ஏறி விழும்போது வயிறு கிழிந்துவிடும். டாரன்டுலாவின் வயிறு தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி, ஒரு விழுகையில் முடிந்துபோகும்.

இன்னொன்று. ஈர மண்ணோடு இந்தப் பெட்டி 30 கிலோவுக்கு மேல் கனக்கும். எங்கே வைக்கப் போகிறோம் என்று முடிவு பண்ணிவிட்டு மண்ணைப் போடுங்கள். நான் தரையில் வைத்து நிரப்பிவிட்டு, அலமாரிக்குத் தூக்கப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

சூட்டுக்கு விரிப்பே இல்லை. அலமாரியை வைத்திருக்கும் சின்ன அறையையே 23, 24 டிகிரியில் வைத்திருக்கிறேன். அது போதும்.

இடம் மாற்றிய இரவு

குளியலறையில், தொட்டிக்குள் வைத்துச் செய்தேன். தொட்டி ஓட்டையை அடைத்தேன், கதவுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்தேன். கையில் ஒரு லிட்டர் பிடிக்கும் தெளிந்த பிளாஸ்டிக் டப்பா, கெட்டி அட்டை, 30 சென்டிமீட்டர் இடுக்கி, நீளக் காம்புள்ள பெயின்ட் பிரஷ். மனைவி கதவுக்கு அந்தப் பக்கம் ஃபோனோடு நின்றாள்.

"ஏங்க, வெளியே வந்துடாதுல்ல?"

வராது, தொட்டி வழவழப்பாகத்தானே இருக்கிறது என்றேன். அது தவறான நம்பிக்கை, இதைப் படிக்கிற யாரும் அதை நம்ப வேண்டாம். டாரன்டுலாவின் பாதங்களில் அடர்ந்த மெத்தை மயிர் உண்டு, கண்ணாடியிலேயே ஏறும். பெட்டியின் கதவைத் திறந்து பின்னங்காலில் பிரஷால் தொட்டேன். முதல் தொடுதலுக்குத் திரும்பி பிரஷைக் கடித்தது. இரண்டாவதற்கு முன்காலைத் தூக்கி நின்றது. மூன்றாவது தொடுதலுக்கு ஓடியது. ஓட்டம் என்றால், நான் கையை அசைப்பதற்குள் தொட்டிக்குள் ஒரு முழு வட்டம் அடித்து, பக்கச் சுவரில் ஏறி, விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே வந்து நின்றுவிட்டது. அங்கே நின்றது என் அதிர்ஷ்டம். டப்பாவை மேலிருந்து கவிழ்த்தேன், அட்டையை மெல்லச் செருகினேன். செருகும்போது ஒரு கால் விளிம்பில் மாட்டாமல் பார்க்கத்தான் அதிக நேரம் ஆனது. பிறகு கை நடுங்கியது, முன்பு நடுங்கவில்லை.

டப்பாவின் வாயை ஆரம்ப வளைக்கு நேராக வைத்து, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். சிலந்தி டப்பாவின் கூரையில் ஒட்டிக்கொண்டு 40 நிமிடம் அசையவில்லை. அப்புறம் ஒரு முன்கால் கீழே இறங்கி, மண்ணைத் தொட்டது. எடுத்துக்கொண்டது. மறுபடி தொட்டது. ஓட்டையின் விளிம்பைத் தடவியது. இரண்டாவது கால். பிறகு முழு உடம்பும் எண்ணெய் வழிகிற மாதிரி சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. பிரஷைக் கழுவும்போது பார்த்தேன், முடிக்கற்றையில் இரண்டு இடத்தில் ஈரம் பிசுபிசுத்தது.

முதல் எட்டு வாரம்

அன்றிரவே தோண்ட ஆரம்பித்தது. காலையில் வாசலுக்கு வெளியே சுண்டைக்காய் அளவில் மண் உருண்டைகள், ஒவ்வொன்றும் நூலால் சுற்றி ஒட்டப்பட்டிருந்தது. சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு, கறுப்பு அட்டையை இரண்டு விரல் அளவுக்கு விலக்கிப் பார்த்தேன். பல்லாலும் சிறுகால்களாலும் மண்ணை வாரி உருட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே ஏறும். வாசலில் போட்டுவிட்டு, உடம்பைத் திருப்பி, வயிற்று நுனியை இடமும் வலமும் ஆட்டி நூலால் பூசும். கொத்தனார் சுவருக்கு மட்டப்பலகை போடுகிற அதே நிதானம். ஒரு வாரத்தில் பெட்டியின் அடிக்கண்ணாடி வரை போய், அங்கே கிண்ணம் போல ஓர் அறை செய்துகொண்டது.

நோட்டுப் புத்தகத்தில் இந்த எட்டு வாரத்துக்கு எழுதியிருப்பது கொஞ்சம்தான், எழுத எதுவும் இல்லாததால். மூடியைத் திறந்தால் கீழே போய்விடும். அவ்வளவுதான். பழைய பெட்டியில் திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்ற சிலந்தி, இங்கே முதல் வருடம் முழுவதிலும் மூன்றே மூன்று முறை காலைத் தூக்கியது. மூன்றும் என்னால் வந்தது. ஒருமுறை இரவில் அது வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்காமல் கிண்ணத்தை எடுத்தேன், ஒருமுறை பெட்டியை நகர்த்தினேன், ஒருமுறை எஞ்சிய இரையை எடுக்க வாசல் வலைக்குள் இடுக்கியை விட்டேன். வலைக்குள் எது நுழைந்தாலும் அதற்கு அது வீட்டுக்குள் நுழைந்ததுதான்.

அதன் பிறகு என் வேலைகளை அதன் நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். தண்ணீர் பகலில்தான், அது அடியில் இருக்கும்போது, நீண்ட மூக்குள்ள பாட்டிலால். 3, 4 வாரத்துக்கு ஒருமுறை வாசலுக்கு எதிர்மூலையில் அரை லிட்டருக்கும் குறைவாகத் தண்ணீர் ஊற்றுகிறேன், அது மெல்ல இறங்கி அடிமண்ணை ஈரமாக்கும், மேல்மண் காய்ந்தே இருக்கும். தெளிப்பானால் மேலே தெளிப்பதை விட்டுவிட்டேன், மேலே ஈரம், கீழே வறட்சி என்பது காட்டுக்கு நேர்மாறு. இரை 10 நாளுக்கு ஒரு வளர்ந்த வெட்டுக்கிளியோ ஒரு டூபியா கரப்பானோ. கரப்பான் வாசல் வலையில் கால் வைத்ததும் இருட்டுக்குள்ளிருந்து இரண்டு நீலக் கால் நீளும், அடுத்த கணம் வாசலில் எதுவும் இருக்காது. அந்த நீலத்தை நான் பார்ப்பது அவ்வளவுதான். எனக்கு அது போதும். போதாது என்பவர்களுக்குச் சிலி நாட்டு ரோஜா டாரன்டுலா மாதிரி வெளியே உட்கார்ந்திருக்கும் இனங்கள் இருக்கின்றன.

வாசல் அடைத்த மாதங்கள்

ஜூலை மாதம் ஒரு காலை வாசல் இல்லை. மண்ணும் நூலும் சேர்த்து உள்ளிருந்து அடைத்திருந்தது, சுற்றியிருந்த தரைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. தோலுரிக்கப் போகிற சிலந்தி இப்படி அடைக்கும். இது எனக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் என்ன? முந்தின நாள் நான் போட்ட வெட்டுக்கிளி பெட்டிக்குள்ளேயே இருந்தது. தோலுரித்த சிலந்தி வெண்ணெய் மாதிரி மென்மையாக இருக்கும், பல்கூட வெள்ளையாக, வளைந்துவிடும் பதத்தில். அந்த நேரத்தில் பசித்த வெட்டுக்கிளி அதையே கொறித்துவிடும். ஒரு டப்பாவில் உருளைக்கிழங்கு வில்லை ஒன்றை வைத்துப் பெட்டிக்குள் இறக்கினேன், இரண்டாவது இரவு வெட்டுக்கிளி அதற்குள் வந்து சேர்ந்தது. வயிறு பெருத்து, தோல் மங்கி, இரையை ஒதுக்க ஆரம்பித்தால் இரை போடுவதை நிறுத்த வேண்டும் என்பதை இதில்தான் கற்றேன்.

கண்ணாடிப் பக்கம் எல்லாம் நூலால் பூசிவிட்டதால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. நான்காவது வாரம், ஆறாவது வாரம், செத்துப்போயிருக்குமோ என்ற எண்ணம் விடவில்லை. லண்டன் அண்ணாவைக் கூப்பிட்டு, ஓரமாகக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கவா என்று கேட்டேன்.

"தோண்டாதையும் தம்பி. செத்திருந்தால் தோண்டி ஒண்டும் ஆகப்போறேல்லை. உயிரோட இருந்தால் தோண்டித்தான் சாகும்."

மல்லாந்து படுத்துத் தோலை உரித்துக்கொண்டிருக்கும் சிலந்தியின் மேல் மண் சரிந்தால் கால் மாட்டிக்கொள்ளும், உரிக்க முடியாமல் செத்துவிடும். எதிர்மூலையில் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் விடாமல் செய்தேன். ஒன்பது வாரம் கழித்து வாசல் திறந்திருந்தது, வெளியே கசங்கிய கறுப்புத் துணி மாதிரி பழைய தோல் கிடந்தது. அதைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வயிற்றுப் பகுதியை ஊசியால் விரித்து, உட்பக்கம் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஆணிடமிருந்து பெறும் விந்தைப் பெண் சேமித்து வைக்கும் விந்துப்பை தெளிவாக இருந்தது. பெண்.

இது சின்னச் செய்தி இல்லை. ஆண் என்றால் வயதுக்கு வந்தபின் அதிகம் போனால் ஓரிரு வருடம். பெண் சிலந்தி 20 வருடம் வரைகூட வாழும். எனக்கு இப்போது 46 வயது. எனக்குப் பின்னால் இதை யார் எடுத்துக்கொள்வார்கள் என்பதை லண்டன் அண்ணாவோடு பேசி, பெட்டியின் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கடி பற்றி

என்னை இது கடிக்கவில்லை, கடிபட்ட அனுபவமாக எதையும் சொல்ல முடியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். டாரன்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. அதை வைத்துக்கொண்டு குளவி கொட்டுகிற மாதிரிதான் என்று சொல்வது ஆசிய இனங்களுக்குப் பொருந்தாது. கடுமையான வலி, வீக்கம், பிறகு தசைப்பிடிப்பு வரும், தசைப்பிடிப்பு கடித்த இடத்தோடு நிற்காது, நாள்கணக்கில் விட்டுவிட்டு வருவதும் உண்டு. முறிமருந்து கிடையாது, மருத்துவமனையில் வலிக்கும் பிடிப்புக்கும்தான் மருந்து. இதற்கு நெருங்கிய சீன இனத்தின் நஞ்சிலிருந்து பிரித்த ஒரு புரதம், மிளகாயின் காரத்தை உணர்கிற அதே நரம்பு வாயிலைத் திறந்து பிடித்துக்கொள்கிறது என்று 2010-ல் டேவிட் ஜூலியஸின் குழு காட்டியது. வெப்பத்தையும் காரத்தையும் உணரும் அந்த வாயிலைக் கண்டறிந்ததற்காக 2021-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மிளகாய்க் காரம் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும், இந்தப் புரதம் பிடித்த பிடியை எளிதில் விடாது.

வீட்டில் நாய் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலிய டாரன்டுலா கடிகளை ஆராய்ந்து 2003-ல் வந்த ஒரு கட்டுரையில், கடிபட்ட 9 மனிதருக்கும் பெரிய பாதிப்பு இல்லை, கடிபட்ட 7 நாய்களும் இறந்தன. அது வேறு இனம்தான், ஆனாலும் என் அறைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும், பெட்டி மூடிக்குப் பூட்டு உண்டு.

கையில் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், கூடாது. சிலந்திக்கு அதில் எந்த நன்மையும் இல்லை. பயந்து குதித்தால் முதலில் சாவது அதுதான்.

வாங்குவது பற்றி

இங்கிலாந்தில் டாரன்டுலா வளர்க்க உரிமம் வேண்டாம், 1976 ஆபத்தான காட்டுவிலங்குச் சட்டத்தின் பட்டியலில் இவை இல்லை. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு நிலைமை வேறு. 2021 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த ஒரு தபால் பார்சலைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை பிரித்தபோது, வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சின்னச் சின்னக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. திருப்பி அனுப்ப முடிவானது. பஞ்சில் சுற்றிய அந்தக் குப்பிகளில் எத்தனை உயிரோடு திரும்பியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. தபாலில் வரவழைக்காதீர்கள். மலைச்சரிவில் வளையைப் பார்த்தால் தோண்டாதீர்கள், வாசலில் நின்று பாருங்கள்.

வாங்க முடிகிற நாட்டில் இருப்பவர்கள், கூண்டில் பிறந்ததா காட்டில் பிடித்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். காட்டில் பிடித்ததற்குள் புழுவோ ஈயின் இளம்புழுவோ இருக்கலாம், வெளியே ஒன்றும் தெரியாமல் ஒருநாள் செத்துக் கிடக்கும். என் சிலந்தி எது என்று மாணவருக்கும் தெரியவில்லை. தோலுரித்து, தின்று, மறுபடி தோலுரித்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

மறுபடி செய்தால்

தொட்டியில் செய்யமாட்டேன். பழைய பெட்டியை அப்படியே மூடியுள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, அதற்குள்ளேயே கதவைத் திறப்பேன். பிரஷால் துரத்தவும் மாட்டேன். அடி வெட்டிய பெரிய பாட்டில் ஒன்றைக் கறுப்புத் தாளால் சுற்றி, அதன் வாயைச் சிலந்திக்கு எதிரே வைத்துவிட்டால், இருட்டைத் தேடித் தானே நுழையும். லண்டன் அண்ணா எல்லாவற்றையும் இப்படித்தான் மாற்றுகிறார். எனக்கு அன்று பொறுமை இல்லை, நாற்பது நிமிடம் டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் வந்தது.

மண் இன்னும் 5 சென்டிமீட்டர் கூட்டியிருக்கலாம். அது அடிக்கண்ணாடியைத் தொட்ட பிறகும் சில இரவு கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

இதை எழுதும் வாரத்தில் வாசல் மறுபடி அடைபட்டிருக்கிறது. எதிர்மூலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, அடைத்த தேதியைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் ஒட்டினேன். மனைவி வந்து பார்த்துவிட்டு, "ஒன்பது வாரம்னா பொங்கலுக்குத் திறந்துடும்ல?" என்று கேட்டாள்.